வலைத்தூரியில் ஒரு மத்தியானம்

ஒருக்களிக்கவே முடியாதா இதில்... இடப்பக்கம் திரும்பினால் வலை வலப்பக்கத்திலிருந்து எழும்பி முகத்தை மூடுகிறது, வலப்பக்கம் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் பூமியே இல்லாமல் போய்விடுகிறது, கடைசியில் மல்லாக்கக் கிடப்பதைத் தவிர வேறு வழியில்லை, தலையும் மேலே காலும் மேலே, இடுப்பு மட்டும் பள்ளத்தில்... கனகம் கண்ணைத் திறந்தாள். பங்குனி வெயில் தென்னை ஓலைக்கு நடுவே துண்டு துண்டாக விழுந்து கண்ணைக் குத்தியது. நேர் மேலே பழுத்த மட்டை ஒன்று, பாதி பிரிந்து, இன்றைக்கா நாளைக்கா என்று தொங்கிக்கொண்டிருந்தது. "காயெல்லாம் பாத்துத்தாம் புள்ள கட்டியிருக்கறேன், மூத்த கொலைய எல்லாம் போன வாரமே பறிச்சுப்போட்டாங்களாமா, தோட்டக்காரரையே கேட்டுப்போட்டேன்" என்று சொல்லித்தான் திருமலைசாமி அவளை இதில் ஏற்றிவிட்டார். காயைக் கேட்டீங்க சரி, மட்டையைக் கேட்டீங்களா என்று புருசனிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எதைத்தான் நேருக்கு நேர் கேட்டிருக்கிறாள், எதைத்தான் சொல்லியிருக்கிறாள், சொல்ல வேண்டிய ஒன்று பத்து நாளாகச் சொல்லாமலே கிடக்கிறது, இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் தாராபுரத்தில் வெற்றிலை பாக்கு மாற்றிவிடுவார்கள், மாற்றிவிட்ட பிறகு சொல்லி என்ன பிரயோசனம்...

கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்து, காவடி கட்டி, பழனிக்கு நடக்கிற கூட்டம். வருசா வருசம் பங்குனி உத்தரத்துக்கு அவர் ஊர்க்காரர்கள் நடப்பார்கள், அவர் கோயமுத்தூரில் மில் பிட்டராகப் போய்ச் சேர்ந்த பிறகு லீவு கிடைத்த வருசம் மட்டும் வந்து கலந்துகொள்வார், கனகம் வருவது இதுதான் முதல் தடவை. விடிவதற்கு முன்னால் கிளம்பி, வெயில் ஏறுகிற வரைக்கும் நடை, மத்தியானம் யாராவது தோட்டத்தில் தங்கல், வெயில் தாழ்ந்ததும் மறுபடி நடை. வெள்ளகோவிலைத் தாண்டி இந்தத் தென்னந்தோப்பு. கிணற்றடியில் குளித்து, புளிச்சாதம் தின்று, நாற்பது பேரும் ஜமுக்காளத்தையும் துண்டையும் விரித்துப் பொத்துப் பொத்தென்று விழுந்துவிட்டார்கள், தரையில், நல்ல குளுகுளு மண்ணில், ஒருக்களித்து, ஒருத்தர் முதுகு ஒருத்தருக்குச் சாய்வாக. அந்த மாதிரி ஒரு இடத்துக்காகத்தானே அவள் மூன்று நாளாகக் காத்திருந்தாள். விரதம் தொடங்கியதும் அவர் பாயைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார், பதினெட்டு நாளாயிற்று, கொடுமுடிச் சத்திரத்தில் பொம்பளைகள் ஒரு பக்கம் ஆம்பளைகள் ஒரு பக்கம், முத்தூரில் மழைத்தூறல் போட்டு எல்லோரும் பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்தபடியே தூக்கம். சரி, இன்றைக்குத் தோப்பில் பக்கத்தில் பக்கத்தில் படுப்போம், அப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தால்... பையிலிருந்து பச்சையாக எதையோ உருவுகிறார். "கனகம், இங்க பாரு!"

நாலு மாசம் டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்து அவரே முடிந்த நைலான் வலைத்தூரி. மில் மேனேஜர் வீட்டுத் தோட்டத்தில் ஒன்றைப் பார்த்தாராம், தொட்டிலுமில்லை ஊஞ்சலுமில்லை, ரெண்டு மரத்துக்கு நடுவே கட்டி ஆளே படுத்துக்கொள்ளலாமாம், அன்று சாயங்காலமே பழைய மர ஸ்கேலைச் செதுக்கி முடிச்சுப்போட ஒரு ஊசி செய்துகொண்டார். ஒன்று அவருக்கு, ஒன்று அவளுக்கு. அவளுடையதில் கண்ணிகள் கொஞ்சம் சின்னவை, சேலை மாட்டாமல் இருக்கவாம். அதை நினைத்தால்தான் ஒன்றும் சொல்ல முடியவில்லை. வீட்டுக் கூடத்தில் ரெண்டு தூணுக்கு நடுவே கட்டிப் பார்த்து அளவெடுத்திருக்கிறார், அங்கே பத்தடி, இங்கே தென்னைக்குத் தென்னை இருபத்தைந்தடி. எத்தனை மெஷினுக்கு அளவு பார்த்த மனுசன் இதைப் பார்க்காமல் விட்டார்! தோட்டக்காரரிடம் கிணற்றுக் கயிறு கேட்டு வாங்கி, இந்தப் பக்கம் எட்டடி அந்தப் பக்கம் எட்டடி ஒட்டுப்போட்டார். முதல் தடவை உட்கார்ந்தபோது கயிறு இழுபட்டு அவள் பின்பக்கம் நேராக மண்ணில் போய் நின்றது. தோப்பே சிரித்தது. "ஏனப்பா திருமலைசாமி, இதுக்கு அம்மணி நேராவே கீழ உக்காந்திருக்கலாமில்ல?" என்றார் கூட்டத்துக்குத் தலைமையாக வருகிற நஞ்சுண்டன். திருமலைசாமி விடுவாரா, "தீர்த்தத்தையே தரையில வெக்கப்படாதுங்கறீங்க, அத எடுத்துட்டு வாரவங்கள மட்டும் வெக்கலாமுங்களா?" என்று கேட்டுவிட்டு மரத்தில் இன்னும் உயரமாகக் கட்டினார். காவடிக் கலசமெல்லாம் வேப்பங்கிளையில் வரிசையாகத் தொங்குகிறது, அதற்கு இந்தப் பக்கம் இவள். "செரியாப் போச்சு, கலசத்தோட சேத்துப் பொண்டாட்டியவும் தொங்கவுட்டுப் போட்டாரு, பழனிக்குப் போய் அவுத்துக்கலாம்" என்று செல்லாத்தாள் அக்கா சொல்ல, கவிழ்த்த அண்டாவின் மேல் ஏறி நின்றிருந்த கனகத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஏறிப் படுத்தாள். அண்டாவை டீ வைக்க எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

காலுக்கு நல்லதுதான், அதைச் சொல்லத்தான் வேண்டும், மூன்று நாள் நடந்த பாதத்தில் ரத்தம் இறங்கி விண்விண்ணென்று இருந்தது அடங்கிவிட்டது. ஆனால் கீழே காற்று சூடாக அடித்து முதுகில் படுகிறது, கொண்டை முடிச்சில் மாட்டிக்கொண்டது, தென்னையிலிருந்து கயிற்று வழியே எறும்பு வேறு சாரை வைக்கிறது, ஒன்று முழங்கையில் கடித்துவிட்டது, அதைத் தட்ட கையை எடுத்தால் மொத்த உடம்பும் ஆடுகிறது, ஆடினால் கயிறு கிரீச்சென்கிறது, கிரீச்சென்றால் கீழே படுத்திருக்கிறவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். பாயில் புரண்டால் யாருக்குத் தெரியும்? இதில் மூச்சு விட்டால்கூட ஊருக்குத் தெரியும். அவர் எங்கே... அவருடைய தூரி அடுத்த மரத்திலிருந்து அதற்கடுத்த மரத்துக்கு. இவள் கால்மாட்டு மரம் அவருக்குத் தலைமாடு. அவர் தலைக்கும் இவள் வாய்க்கும் நடுவே எத்தனை அடி? அந்த வெட்டவெளிக்குக் கீழே நாற்பது பேர் காது. "ஹரிதாளுக்கு அந்த மாப்ள வேண்டாமாமுங்க" என்று இங்கேயிருந்து சொன்னால் அவர் காதில் விழுவதற்கு முன்னால் பழனியாண்டவர் காதில் விழுந்துவிடும்.

பத்து நாளைக்கு முன்னால், மகள் ஹரிதா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவருடைய காவி வேட்டியை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல், "அம்மா, தாராபுரம் வேண்டாங்கம்மா" என்றாள். பையன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. கிருபாசங்கர், அரிசி மண்டிக்காரர் பையன், தை மாசம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், அமைதியான பையன், காப்பி டம்ளரைக் குடித்த பிறகு தானே கொண்டுபோய்ச் சமையல்கட்டில் வைத்தான், கனகத்துக்கு அது பிடித்திருந்தது. "ஏங்கண்ணு, பையனப் பத்தி ஏதாச்சும் கேள்விப்பட்டயா?" "இல்லீங்கம்மா." "வேற ஆராச்சும் மனசுல..." "அதெல்லாம் இல்லீங்கம்மா." "அப்பறம் என்னதாங் கண்ணு காரணம்?" "வேண்டாங்கறதே காரணந்தானுங்களேம்மா." சிகரெட் குடிக்கிறான் என்றால் விசாரிக்கலாம், மூக்கு நன்றாக இல்லை என்றால் மூக்கா சோறு போடப்போகிறது என்று கேட்கலாம், வெறும் வேண்டாமுக்கு என்ன செய்வது? "நீங்க அப்பாகிட்டச் சொல்லிப்போடுங்கம்மா, நீங்க சொன்னா அப்பா கேப்பாங்க." நான் சொன்னால் கேட்பார் என்று இவளுக்கு யார் சொன்னது... பையனின் அம்மா பங்காரம்மா அன்றைக்கே பேசி முடித்துவிட்டுப் போனாள், "காவடி தாராபுரம் வார அன்னிக்குப் பொழுதோட நாங்க எல்லாருக்கும் சாப்பாடு கொண்டாந்தர்றோம், தீர்த்தம் ஊருக்குள்ள வார நேரம், அதவிட நல்ல நேரம் ஏதுங்க, அப்படியே வெத்தல பாக்கு மாத்திக்கலாம்." இவர் உடனே தலையாட்டினார். நேற்று வெள்ளகோவிலில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பக்கத்து வீட்டு சபுரா வீட்டுக்குப் போன் போட்டபோது ஹரிதாதான் ஓடிவந்து எடுத்தாள், நல்லா இருக்கறீங்களா கால் வலிக்குதா ஒன்றுமில்லை, "சொல்லிட்டீங்களாம்மா?" என்றுதான் முதல் வார்த்தை. பூத்துக்கு வெளியே அவர் சோடா குடித்துக்கொண்டு நின்றார். "நாளைக்குச் சொல்லிப்போடறேங் கண்ணு." "நாளைக்குத்தானுங்களேம்மா அவிய வாராங்க." "நாளைக்கு மத்தியானம். கண்டிப்பா."

அந்த மத்தியானம்தான் இது. நேருக்கு நேர் போய்ச் சொல்வதற்கென்ன, இருபத்துநாலு வருசம் குடும்பம் நடத்தியவள்தானே... ஆனால் நேருக்கு நேர் என்ன பேசியிருக்கிறார்கள், குழம்பில் உப்பு, டூட்டி எத்தனை மணிக்கு, கேஸ் வந்ததா, அவ்வளவுதான். பெரிய பேச்சுப் பழமையெல்லாம் பாயில்தான். கல்யாணமான புதிதில் ஒரே அறை வீடு, மாமியார் வாசல்படிக்கு அந்தப் பக்கம், விளக்கணைத்த பிறகு குசுகுசுவென்று பேசினால்தான் உண்டு, அப்படியே பழகிப்போய்விட்டது. அவள் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுப்பாள், அவர் பின்னால். சுவரிடம் சொல்கிற மாதிரிச் சொல்வாள். "நாள் தள்ளிப் போயிருக்குதுங்க" என்றதும் சுவரிடம்தான், "தம்பியோட சண்டையாயிருச்சு, இனி அந்த ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றதும் சுவரிடம்தான், "புள்ளைய இங்கிலீசுப் பள்ளிக்கூடத்துல போடலாமுங்க" என்றதும். முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு "ம்" வரும். அந்த ம்மில்தான் எத்தனை! சட்டென்று வெட்டினால் சரி என்று அர்த்தம், மூக்கு வழியாக வந்தால் யோசிக்கிறார், இழுத்தால் காலையில் மறுபடி கேட்க வேண்டும், ஒரு ம்முக்குப் பிறகு கை வந்து தோளில் விழுந்தால் அழுதுகொள்ளலாம். ஹரிதாளுக்கு முன்னால் ஒன்று நாலாம் மாசத்தில் தங்காமல் போயிற்றே, அன்றைக்கு ம் வரவே இல்லை, கை மட்டும் வந்தது. சுவரில் வெள்ளை உரிந்து ஒரு ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கும் இடம் அவளுக்கு மனப்பாடம். அந்தச் சுவர்கூட இங்கே இல்லை. முகத்துக்கு நேரே ஆகாசம், ஆகாசத்தைப் பார்த்து ரகசியம் சொல்ல முடியுமா, யாரால் முடியும்...

கூப்பிட்டுத்தான் பார்ப்போமே. "ஏனுங்க." சத்தம் அவளுக்கே கேட்கவில்லை. கொஞ்சம் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "ஏனுங்க..." அந்தத் தூரி அசையவில்லை. குறட்டையும் இல்லை, தூங்கினால் குறட்டை வருமே, அப்படியென்றால் தூங்கவில்லையா? "ஏனுங்க!" கீழேயிருந்து செல்லாத்தாள் அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "என்ன அம்மணி, எறங்கோணுமா? தண்ணி வேணுமா? ஒண்ணுக்குப் போகோணுமா?" "ஒண்ணுமில்லீங்கக்கா, மணி என்னாச்சுன்னு..." "ரெண்டே முக்கா" என்றார் ஒருவர், "மூணு ஆகப்போவுது" என்றார் இன்னொருவர், "ரேடியோவுல சொன்னாங்க ரெண்டு அம்பது" என்றது தூரத்தில் ஒரு குரல். நாற்பது பேரும் விழித்துத்தான் கிடந்திருக்கிறார்கள் போல. பார், இவ்வளவு பேர் மணி சொல்கிறார்கள், அவர் ஒருத்தர் சொல்லவில்லை. செல்லாத்தாள் அக்காவிடம் சொல்லி அனுப்பினால் என்ன? நினைப்பதற்குள் வேண்டாம் என்று தோன்றிவிட்டது, அக்காவிடம் சொன்னால் தாராபுரம் போய்ச் சேருவதற்குள் பங்காரம்மாளுக்கே ஆள் போய்விடும். அதுவும் ஒரு வழிதானோ? சீ, என்ன புத்தி...

காற்று நின்றுவிட்டது. வலை ஆடுவதும் நின்றது. ஆடாமல் இருந்தால் இது மோசமில்லை, கண் செருகுகிறது, தறி ஓடுகிற சத்தம் எங்கேயோ, மாட்டுமணி, கிணற்று மோட்டார்... வேண்டாங்கறதே காரணந்தானுங்களேம்மா. பெண் பார்க்க இவர் வந்தபோது கனகத்திடம் யார் கேட்டார்கள்? கேட்டார்களே, அப்பா கேட்டார், "என்ன சாமி, செரிதானே?" என்று, கேட்டுக்கொண்டே வெளியே போய்விட்டார், பதிலுக்கு நிற்கவில்லை. நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? சரி என்றுதான் சொல்லியிருப்பாள். ஒருவேளை வேண்டாம் என்று சொல்லத் தோன்றியிருந்தால்? காரணம் கேட்டிருப்பார்கள். காரணம் இல்லாமல் ஒரு பொம்பளைக்கு ஒன்று வேண்டாமாக இருக்க முடியும் என்று அவளுக்கே தெரியாமல் போயிற்றே இத்தனை நாள். இந்தத் தூரி வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நீங்க ஆசையா முடிஞ்சீங்க, கண்ணி சின்னதாப் போட்டீங்க, எல்லாஞ் சரி, எனக்கு வேண்டாமுங்க, நான் மண்ணுல படுத்துக்கறேன். எவ்வளவு சுலபம். அதைச் சொல்ல முடியாதவள் மகளுடைய வேண்டாமை எப்படிச் சொல்வாள்... இதே கையால் அந்தப் பிள்ளையைத் தூளியில் போட்டு ஆட்டியிருக்கிறாள், இறங்க வேண்டும் என்று அது வீறிட்டுக் கத்தும், இவள் இன்னும் வேகமாக ஆட்டுவாள், தூங்கிவிடும் என்று...

விசில் சத்தம். நஞ்சுண்டன்தான். "எந்திரிங்க எந்திரிங்க, வெயில் தாந்துபோச்சு, டீயக் குடிச்சுப்போட்டு நடையக் கட்டலாம், பொழுதோட தாராபுரம் சேரோணும்!" தோப்பு முழுக்க உதறுகிற சத்தம், துண்டு, ஜமுக்காளம், இருமல். கனகம் எழப் பார்த்தாள். கையை ஊன்றினால் கண்ணிக்குள் கை போய்விடுகிறது, காலை வெளியே போட்டால் வலை சுருண்டு பின்னந்தொடையை அறுக்கிறது, கீழே பார்த்தால் தரை எங்கேயோ இருக்கிறது, அண்டாவில் டீ கொதிக்கிறது. சரி, கிடக்கலாம், எல்லோரும் போகட்டும், நான் இங்கேயே மட்டையைப் பார்த்துக்கொண்டு... "எறங்கு புள்ள." அவர் வந்து நின்றார். எப்படி இறங்கினாரோ, முழங்கையில் மண், கன்னத்தில் நெற்றியில் எல்லாம் வலை பதிந்து கட்டம் கட்டமாகச் சிவந்திருந்தது. "எப்பிடீங்க எறங்கறது?" "ரெண்டு கையவும் குடு." கொடுத்தாள். அவர் காலை அகட்டி நின்று இழுத்தார், வலை அவளோடு சேர்ந்து அவர் பக்கம் ஆடி வந்தது, பாதி எழுந்தும் எழாமலும் அவள் அந்தரத்தில் நின்றாள், கால் தரைக்கு ஒரு சாண் மேலே, உடம்பு மொத்தமும் அவர் கையில், விட்டால் பின்னாலேயே போய்விடுவாள். "தூங்குனீங்களா?" என்று கேட்டாள். அவர் பக்கத்தில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார், "ஒரு பொட்டு இல்ல. திரும்பிப் படுக்கவே முடிய மாட்டீங்குது இந்தக் கெரகத்துல." பிடியை இறுக்கிக்கொண்டு, "பாய எடுத்துட்டு கூடத்துக்குப் போனதுலருந்தே தூக்கமில்ல. நீ ஏதாச்சும் சொல்லிட்டே இருப்ப. அது இல்லாம..."

"ஹரிதாளுக்குத் தாராபுரம் வேண்டாமாமுங்க."

சொல்லிவிட்டாள். சுவர் இல்லை, இருட்டு இல்லை, ஒரு முழம் தூரத்தில் அவர் முகம். அவர் இழுக்கவுமில்லை, விடவுமில்லை. அந்தக் கட்டம் போட்ட முகம் அப்படியே இருந்தது, கண் மட்டும் எங்கேயோ உள்ளே போய்விட்டு வந்தது, ஓடுகிற மெஷினில் ஏதோ ஒரு சத்தம் மாறிவிட்டது, எங்கே என்று காதை வைத்துக் கேட்கிற மாதிரி. "காரணம் சொன்னாளா?" "வேண்டாங்கறதே காரணந்தானுங்கறா." ம் வரும் என்று காத்திருந்தாள். எந்த ம் என்று தெரிந்துவிட்டால் போதும், அதற்குத் தக்கபடி நடந்துகொள்வாள். ம் வரவில்லை. உதடு லேசாக அசைந்தது, கோபமா, சிரிப்பா, பயமா, எதுவென்று பிடிபடவில்லை. "எத்தன நாளாத் தெரியும் உனக்கு?" "பத்து நாளாச்சுங்க." "பத்து நாளா..." என்று மட்டும் சொன்னார். "ஏனப்பா, பொண்டாட்டியத் தூக்கிட்டு அப்படியே பழனி வரைக்கும் போறதா உத்தேசமா?" என்று செல்லாத்தாள் அக்கா டீ டம்ளரோடு சிரித்தாள். "கால ஊனு, மொல்லமா" என்றார் அவர். ஊன்றினாள். மண் குளிர்ச்சியாக இருந்தது.

அவர் மரத்துக்குப் போய்க் கிணற்றுக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார், இழுபட்டு இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்து இழுத்தார். வலையைச் சுருட்டிப் பையில் போட்டார். கயிற்றைத் தோட்டக்காரரிடம் கொடுத்துவிட்டு வேப்பங்கிளையிலிருந்து காவடியை எடுத்துத் தோளில் வைத்தார், கலசம் ஒருமுறை ஆடி நின்றது. என்ன செய்யப்போகிறார்? பங்காரம்மாளிடம் இவரே சொல்லுவாரா, நாளைத் தள்ளிப்போடுவாரா, ஒன்றும் சொல்லாமல் தட்டை வாங்கிக்கொள்வாரா? கேட்கலாம். ஐந்தடி முன்னால்தான் போகிறார். வழக்கமாக இந்த இடத்தில் அவள் பின்தங்கிப் பொம்பளைகளோடு சேர்ந்துகொள்வாள், இன்றைக்குச் சேரவில்லை. கைகள் ரெண்டிலும் அவர் பிடித்த இடம் இன்னும் சூடாக இருந்தது, அதற்கு மேலே வலையின் கட்டம். அவர் முகத்தை மறுபடி நினைத்துப் பார்த்தாள், அந்தக் கண் உள்ளே போய் வந்ததை... நாள் தள்ளிப்போயிற்று என்று சொன்ன அன்றைக்கும் இப்படித்தான் இருந்ததோ, தம்பியோடு சண்டை என்ற அன்றைக்கும், ம்மே வராத அந்த அன்றைக்கும் இப்படித்தானோ, இல்லை இது புதுசா? இருபத்துநாலு வருசமும் இந்த முகம் தன் முதுகுக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது, ஒரு தடவை திரும்பிப் படுத்திருந்தால் தெரிந்திருக்கும். சாலையோரம் மைல்கல் வந்தது, தாராபுரம் பதினொன்று. கனகம் நடையைக் கொஞ்சம் எட்டிப்போட்டாள்.